அடுப்பில் வைக்காத முள்

தேவப்பிரியத்தை ஒரு நாளைக்கு எப்படியும் நூறு பேராவது திட்டிவிடுவார்கள். அது அவன் உத்தியோகத்தோடு வந்தது. கொருக்குப்பேட்டைப் பக்கம் ஒரு ரயில்வே கேட்டில் அவன் கேட் கீப்பர். கேட்டை இறக்கினால் ஆட்டோக்காரர் திட்டுவார், லாரிக்காரர் திட்டுவார், ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்திருக்கும் அம்மாவும் தன் பங்குக்கு ஏதாவது சொல்லும். கூட்ஸ் வண்டி ஐம்பது பெட்டிகளோடு ஊர்ந்து முடியும்வரை அவன் பச்சைக் கொடியைப் பிடித்தபடி நிற்பான். கேட் ஏறியதும் எல்லோரும் ஒரே பாய்ச்சலில் போய்விடுவார்கள். இவ்வளவு நீள டூட்டியில் வசவு இல்லாமல் உன்னிடம் பேசுகிறவர்கள் யாராவது உண்டா என்று ஒருமுறை கேட்டேன். யோசித்துப் பார்த்துவிட்டு, "போன வாரம் ஒர்த்தர் மணி இன்னான்னு கேட்டாரு மாமு" என்றான்.

வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. அவனுக்கு வேடிக்கை பண்ணத் தெரியாது.

என் பெயர் லோகநாதன். திருவொற்றியூரில் ஒரு முலாம் பட்டறையில் எனக்கு வேலை. சைக்கிள் ஹேண்டில்பார், கதவுக் கைப்பிடி, வண்டி ஸ்பிரிங் எல்லாம் எங்களிடம் துருவோடு வந்து பளபளவென்று திரும்பிப் போகும். எனக்கும் தேவப்பிரியத்துக்கும் பழக்கம் ஏற்பட்டது எண்ணூர் முகத்துவாரத்துக் கற்களில். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் பத்து ரூபாய்த் தூண்டிலில் இறால் குத்திக் கெளுத்தி பிடித்துக்கொண்டிருப்பேன். அவன் எல்லோரையும் விட்டுத் தள்ளி, கடைசிக் கல்லில் நின்று, மரத்தால் செய்த பொம்மை மீனைத் தூர வீசி வீசி இழுத்துக்கொண்டிருப்பான். கொடுவா மீன் ஒன்றுதான் அவனுக்குக் கண். வேறு எது மாட்டினாலும் எங்களில் யாரிடமாவது கொடுத்துவிடுவான். கல்யாணம் ஆகாதவன். ஒரு ஆள் சமையலுக்கு எத்தனை மீன் வேண்டும்?

அவனுக்கு இருந்தது ஒரே ஒரு தங்கை, டோரதி. அவனைவிட இரண்டு வயது இளையவள். விடிவதற்குள் காசிமேட்டில் ஏலம் எடுத்து, ராயபுரம் மார்க்கெட்டில் மீன் விற்பவள், என்னையும் அவளுக்குத் தெரியும். 1996 முதல் அவள் அவனோடு பேசவில்லை. காரணம் அந்தத் தெருவுக்கே தெரியும். அவர்களுடைய அம்மா பெரியாஸ்பத்திரியில் கிடந்தபோது, இன்றைக்குத் தாண்டாது என்று டாக்டர் சொன்ன காலையில், டோரதி ஆள் அனுப்பினாள். டூட்டியில் இருக்கிறேன், மாற்றுக்கு ஆள் வந்ததும் வருகிறேன் என்று இவன் சொல்லி அனுப்பினான். டூட்டி இல்லை. இவன் எண்ணூர்க் கல்லில் நின்றிருந்தான். அம்மா மதியம் போய்விட்டது. இவன் சாயங்காலம் போய்ச் சேர்ந்தான், சட்டையில் மீன் செதிலோடு.

ஏன்டா அப்படிச் செய்தாய் என்று நான் கோபத்தோடுதான் கேட்டேன். என் அம்மாவாக இருந்தால் என்று ஆரம்பித்து நிறையப் பேசினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "அது மூச்சு வாங்கறத பாக்க முடில மாமு. பயமா இருந்திச்சி" என்றான். 

2002 பொங்கல் கழிந்த வாரம், டோரதியின் புருஷன் ஜார்ஜ் கேட்டுக்கு வந்தார். துறைமுகத்தில் வின்ச் ஓட்டுபவர், சண்டை சச்சரவுக்குப் போகாத மனுஷர். அன்று நானும் அங்கே இருந்தேன். அவர் பெண் கிறிஸ்டினாவுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம். டோரதி இருந்த சந்தில் ஒரு வழக்கம் உண்டு. நிச்சயத்தன்று பெண்ணின் தாய்மாமன் ஒரு முழு மீனைக் கையில் தூக்கிக்கொண்டு வர வேண்டும். அதன் தலையைக் குழம்பு வைத்து மாப்பிள்ளையின் அப்பாவுக்குப் பரிமாறுவார்கள். வலைக்காரர்கள் வலையில் பிடித்ததைக் கொண்டுவருவார்கள், வேலைக்குப் போகிறவர்கள் வாங்கிக்கொண்டு வருவார்கள், யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

"ஒன்ன கூப்டலாம்னு நான்தான் சொன்னேன் மச்சான்" என்றார் ஜார்ஜ். "அவ சரின்னா. ஆனா மார்க்கெட்ல வாங்கிகினு வர்றதுன்னா என் கூடைலயே வாங்கிக்கச் சொல்லு, அதுக்கு இன்னாத்துக்கு மாமன்னா. உன் கையால, உன் முள்ளுல மாட்ன மீன எடுத்துகினு வரணுமாம். அந்த ஆளு ஒரு வாட்டியாவது சொன்னத செய்யட்டும்னா."

தேவப்பிரியம் கொடியைச் சுருட்டினான், விரித்தான், மறுபடி சுருட்டினான். "கொணாறேன்னு சொல்லு" என்றான். ஆறு வருஷத்துக்குப் பிறகு தங்கை வீட்டு வாசற்படி அவனுக்குத் திறந்தது. ஒரு கொடுவா போதும், உள்ளே போய்விடலாம். ஒன்பது நாள் இருந்தது.

அந்த ஒன்பது நாளில் அவன் படுத்திய பாடு கொஞ்சமல்ல. அவனிடம் இருந்ததில் நல்ல பொம்மை மீன் ஒன்றுதான். பர்மா பஜாரில் அலி அக்பர் பாயிடம் வாங்கியது. ஏதோ கப்பல்காரன் விற்றுவிட்டுப் போன பெட்டியில் கிடைத்ததாம். ஒரு சாண் நீளம், நீல முதுகு, வெள்ளி வயிறு, தாடையில் ஒரு தகடு. இழுத்தால் அந்தத் தகடு தண்ணீரைப் பிடித்து, மீனை முங்க வைத்து, இடுப்பை ஆட்டிக்கொண்டு ஓட வைக்கும். பெட்டி மூடியில் உடம்பு நீளத்துக்குக் கோடு கோடாக ஒரு மீன் படம். அந்த மீனை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. "அது அமெரிக்காகாரன் மீனு நைனா. அதுக்கு ஏத்த முள்ளுதான் இதுல கீது. நம்மூரு கொடுவாக்கு இது வேலைக்காவாது" என்று பாய் வாங்கும்போதே சொல்லியிருந்தார்.

அவர் சொன்னது சரிதான். அதில் மூன்று இடத்தில் மூன்று முனை முட்கள் தொங்கின, எல்லாம் மெல்லிய கம்பி. கொடுவா கடிப்பதில்லை, வாயைத் திறந்து தண்ணீரோடு ஒரே இழுப்பாக உள்ளே வாங்கும். பிறகு தண்ணீருக்கு மேலே எழும்பித் தலையை உதறும். அந்த உதறலில் மெல்லிய முள் நிமிர்ந்து ஆணியாகிவிடும். போன வருஷம் இரண்டு மீன் அப்படிப் போயிருந்தது. ஆகவே தடித்த முள் வேண்டும். தடித்த முள் பஜாரில் கிடைத்தது, ஆனால் கனம். மூன்றையும் மாட்டினால் பொம்மை மீன் ஆட்டத்தை மறந்து கல் மாதிரி இறங்கியது.

இதையெல்லாம் அவன் குடியிருந்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் வைத்துப் பார்த்தான். வீட்டுக்காரி கெங்கம்மாவுக்கு வாய் நீளம். "இன்னாய்யா இது, கொயந்த இல்லாத ஊட்ல பொம்ம வுட்டு ஆடிகினு கீறே" என்று கத்தினாள். பக்கத்துக் குடித்தனத்தார் சிரித்தார்கள். அவன் பொம்மை மீனை எடுத்துத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான், அவர்கள் வேலைக்குப் போனபின் மறுபடி தொட்டிக்கு வந்தான்.

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தான். வயிற்றில் ஒரு தடித்த மூன்று முனை முள். நடுவில் ஒன்றும் வேண்டாம். வாலில் ஒற்றை முள், அதுவும் முனை மேலே பார்த்தபடி, கல்லில் சிக்காமல் இருக்க. சாவிக்கொத்து வளையம் மாதிரி இரண்டு சுற்று வளையத்தில் முள்ளைக் கோப்பது வழக்கம். அந்த வளையத்தையும் ஒரு அளவு பெரிதாக மாற்றினான், முள் நாலு பக்கமும் தாராளமாகத் திரும்ப வேண்டும் என்பதற்காக. வளையத்தை விரித்து விரித்துக் கட்டைவிரல் நகம் பிளந்துபோயிற்று. செவ்வாய்க்கிழமை அவன் என்னைத் தொட்டிப் பக்கம் அழைத்து நூலில் இழுத்துக் காட்டினான். பொம்மை மீன் உயிரோடு இருப்பது மாதிரி நெளிந்து போயிற்று. அவன் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

ஒரு குறை மட்டும் இருந்தது. பஜார் முள் பழைய சரக்கு, துருப்பிடித்திருந்தது. துரு முள் மீன் வாயில் சறுக்கும். "குடு மாமு. எங்க பட்டறைல நிக்கல் பூசி எடுத்தாறேன்" என்றேன். நானாகத்தான் கேட்டேன், அவன் கேட்கவில்லை. எனக்கும் அந்த வீட்டு நிச்சயத்தில் ஏதோ ஒரு பங்கு இருக்க வேண்டும் என்று ஆசை.

புதன்கிழமை சாப்பாட்டு நேரத்தில் இரண்டு முள்ளையும் செப்புக் கம்பியில் கட்டி, முதலில் ஆசிட் தொட்டியில் விட்டுத் துருவை எடுத்தேன். பிறகு நிக்கல் தொட்டி. கண்ணாடி மாதிரி வந்தது.

எங்கள் பட்டறையில் ஒரு சட்டம் உண்டு. ஸ்பிரிங் போல உறுதி ஏற்றிய எஃகு எதுவானாலும், தொட்டியிலிருந்து எடுத்ததும் நேராகச் சூட்டடுப்புக்குப் போக வேண்டும். நாலு மணி நேரம் உள்ளே இருக்க வேண்டும். ஆசிட்டில் நனைந்த எஃகுக்கு உள்ளுக்குள் ஒரு நொறுங்கும் குணம் வந்துவிடும், சூடு காட்டினால்தான் அது போகும். பார்க்கப் புதுசு மாதிரி இருக்கும், கையால் இழுத்தாலும் தாங்கும், ஒரு நாள் வேலையின் நடுவில் படக்கென்று போகும். பன்னிரண்டு வருஷமாக எனக்குத் தெரிந்த விஷயம் இது. தூண்டில் முள்ளும் அதே ஜாதி எஃகுதான் என்பது என் மண்டையில் ஏறவில்லை. இல்லை, பொய் சொல்வானேன், ஏறியது. அடுப்பு சூப்பர்வைசர் மேஜைக்கு எதிரில் இருந்தது. சொந்த வேலையை நாலு மணி நேரம் அதில் வைக்கப் பயந்தேன். இத்தனூண்டு முள்தானே, என்ன ஆகிவிடும் என்று பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

அவன் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "வெள்ளி மாதிரி கீதே மாமு" என்றான்.

வியாழன், வெள்ளி இரண்டு காலையும் ஒன்றும் இல்லை. சனிக்கிழமை நானும் கூடப் போனேன். ஆறு மணிக்குக் கடலின் ஏற்ற நீர் உள்ளே திரும்பிக்கொண்டிருந்தது. அனல்மின் நிலையத்துச் சுடுதண்ணீர் வந்து கலக்கிற இடத்தில் மடவை மீன் கூட்டம் சலசலத்தது. மடவை இருந்தால் பின்னாலேயே கொடுவா இருக்கும். கடைசிக் கல்லில் ஏறி நின்று அவன் வீசினான். ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ, தண்ணீருக்குள் யாரோ கதவைச் சாத்தியது போல ஒரு சத்தம். ராடு வளைந்து ரீல் கத்தியது.

மீன் முழுசாக மேலே வந்தது. நான் பார்த்தேன், அதை இன்றைக்கும் எங்கே கேட்டாலும் சொல்வேன். எட்டுக் கிலோவுக்குக் குறையாது. பொம்மை மீனின் வயிற்று முள் அதன் வாயோரத்தில் சரியாக ஏறியிருந்தது. தலையை உதறியது. முள் நிமிரவில்லை. மறுபடி கீழே போய், மறுபடி மேலே வந்தது. தேவப்பிரியத்தின் உதடு ஜெபம் சொல்கிற மாதிரி அசைந்தது. மீன் களைத்துப் பக்கவாட்டில் சாய்ந்தது. கல்லுக்கும் அதற்கும் இரண்டு ஆள் நீளம்தான். நான் கொக்கியோடு கீழே இறங்கிவிட்டேன். கடைசியாக ஒரு உதறல், சோம்பலான உதறல். தூண்டில் நரம்பு தொய்ந்தது.

பொம்மை மீன் வெறுமனே மிதந்து வந்தது.

"நிமிந்துட்ச்சா?" என்று மேலிருந்து கேட்டான்.

நான் கையில் எடுத்துப் பார்த்தேன். மூன்று முனையில் இரண்டு இல்லை. வளைவிலேயே ஒடிந்திருந்தது. ஒடிந்த வாய் சர்க்கரைக் கட்டியை உடைத்தது மாதிரி பொடிப்பொடியாக மின்னியது. அந்த மின்னலைப் பட்டறையில் எத்தனை ஸ்பிரிங்கில் பார்த்திருக்கிறேன். 

"ஒடஞ்சிட்ச்சி" என்றேன். முள்ளைக் கழற்றி என் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். "பெரிய மீனு மாமு. இன்னா முள்ளுன்னாலும் தாங்காது."

அவன் கல்லில் உட்கார்ந்தான்.  ஞாயிறு காலை அவனுக்குச் சர்ச்சில் பூசை, பிறகு நிச்சயம். இனி வீச நேரம் இல்லை, அந்தச் சனிக்கிழமை பத்து மணிக்கே அவனுக்கு டூட்டி.

"காசிமேட்ல ஒண்ணு வாங்கிடலாமா?" என்று கேட்டுவிட்டேன். "வாயில ஒரு முள்ள ஏத்திட்டா யாருக்குத் தெரியும்?"

"அவளுக்குத் தெரியும்" என்றான். "வலைல மாட்ன மீனா, முள்ளுல மாட்ன மீனான்னு தொட்டா சொல்லிடுவா. அதுவும் இல்லாம, இன்னொரு பொய் வாணாம் மாமு." பிறகு என்னைப் பார்த்தான். "நீ பாத்தேல்ல?"

"பாத்தேன்."

"நாளிக்கி எங்கூட வந்து அத மட்டும் சொல்லு. மீனு மாட்னுச்சி, கை வரிக்கும் வந்திச்சின்னு. நான் சொன்னா நம்ப மாட்டா. பாத்தவன் ஒர்த்தன் சொன்னா போதும், மீனு இல்லாட்டியும் உள்ள வுட்டுடுவா."

முள் பாக்கெட்டில் தொடையைக் குத்திக்கொண்டிருந்தது. டோரதி முன்னால் போய் நின்றால், முள் எப்படி ஒடியும் என்று கேட்பாள். ஜார்ஜ் நாள் முழுக்க இரும்போடு புழங்குகிறவர், எங்கே காட்டு என்பார். அந்த வீட்டில், அத்தனை பேர் முன்னால், இவனை வைத்துக்கொண்டு, என் தப்பால் போயிற்று என்று நான் சொல்ல வேண்டும். 

"நாளிக்கி டூட்டி கீது மாமு" என்றேன். "ஓவர்டைம்."

அவன் கொஞ்சமும் சந்தேகப்படவில்லை. "டூட்டின்னா இன்னா பண்றது" என்று எழுந்து நரம்பைச் சுருட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான் வீட்டில் பாயில் கிடந்தேன். உடம்புக்கு என்ன என்று வீட்டில் கேட்டார்கள், தலைவலி என்றேன். பதினோரு மணி ஆனபோது மணியைப் பார்த்தேன். இப்போது எழுந்தால்கூட ராயபுரத்துக்குப் போய்விடலாம் என்று தெரியும். எழுந்திருக்கவில்லை.

திங்கட்கிழமை காலை கேட்டுக்குப் போனேன். ரயில் எதுவும் இல்லை, அறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தான். என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"போனேன். வெள்ள சட்ட போட்டுகினு போனேன்" என்றான். "வாசல்ல நின்னேன். கை ஈரத்தோட வந்தா. மீனு மாட்னுச்சி, முள்ளு ஒடஞ்சி பூட்ச்சின்னேன். கத்தல மாமு. யாரு பாத்தான்னு கேட்டா. லோகு பாத்தான்னேன். எங்க அவருன்னா."

மடியில் கிடந்த கொடியைச் சுருட்டினான்.

"டூட்டின்னேன்."

"அப்பறம்?"

"சிரிச்சா. இன்னமும் அதே டூட்டிதானான்னா. உள்ள மாப்ள வூட்டுக்காரங்கலாம் இருந்தாங்க. நான் வந்துட்டேன்."

அப்போது சொன்னேன். ஆசிட் தொட்டி, அடுப்பு, நாலு மணி நேரம், எல்லாவற்றையும் சொன்னேன். முள்ளை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தேன். அடிப்பான் என்று நினைத்தேன், அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவன் முள்ளைப் பார்க்கவே இல்லை.

"அப்ப நேத்து உனக்கு டூட்டி இல்ல" என்றான்.

உள்ளே மணி அடித்தது. முள்ளை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, எழுந்து போய்க் கேட்டை இறக்க ஆரம்பித்தான். இரண்டு பக்கமும் ஹாரன் அடித்தார்கள், திட்டினார்கள். அவன் கொடியை விரித்துக்கொண்டு முதுகைக் காட்டி நின்றான். கூட்ஸ் போய் முடியும்வரை நானும் நின்றேன். அவன் திரும்பவில்லை.

அங்கிருந்து நேராக ராயபுரம் மார்க்கெட்டுக்கு நடந்தேன். டோரதி அரிவாள்மணையில் வஞ்சிரம் வெட்டிக்கொண்டிருந்தாள். வாடிக்கைக்காரர்கள் போகட்டும் என்று காத்திருந்துவிட்டு, அவள் முன்னால் குந்தி உட்கார்ந்து, முள்ளை நீட்டி, மறுபடி எல்லாவற்றையும் சொன்னேன். எட்டுக் கிலோ மீன், வாயோரத்தில் முள், இரண்டு ஆள் தூரம். என் தப்பு, அவன் தப்பு இல்லை. டூட்டி என்று நான்தான் பொய் சொன்னேன், அது அவனுக்குத் தெரியாது.

அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு முள்ளை வாங்கினாள். ஒடிந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினாள். மீன் வாயைப் பார்க்கிற கவனத்தோடு பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன்.

"இத நேத்து கொணாந்திருக்கணும் லோகண்ணே" என்றாள். "அண்ணனுக்கு சேர் போட்டு வச்சிருந்தேன். கடசி வரிக்கும் யாரையும் ஒக்கார வுடல."

 யாரோ வந்து கானாங்கெளுத்தி என்ன விலை என்று கேட்டார்கள். அவள் காதில் விழவில்லை. முள்ளை இன்னும் விரலில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணன் நேத்து எங்கயாவது துன்னுச்சா?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. நான் அதை அவனிடம் கேட்கவே இல்லை.